மறு: சிறைவாசிகளைச் சேர்த்து எண்ணும் தொகுதி – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'சிறைத் தொகுதிச் சூழ்ச்சி' என்று வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, நம் அகராதி வரைவுக்குச் சொல் தேடுவது 'பிரிசன் ஜெர்ரிமாண்டரிங்' என்பதற்கு: கைதிகளைச் சிறை இருக்கும் தொகுதியின் மக்களாக எண்ணி, அத்தொகுதியின் கணக்கைப் பெருக்கிவிடுவது. வெறும் ஜெர்ரிமாண்டரிங்குக்கு, அதாவது ஒரு கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லையை வளைத்து வரைவதற்கு, 'தொகுதிச் சூழ்ச்சி' பொருந்தும். 1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி கையெழுத்திட்ட தொகுதிப் பங்கீட்டில் ஒரு தொகுதி சாலமாண்டர் (பல்லி போன்ற உயிரி) போல நெளிந்து கிடந்தது; ஜெர்ரியும் சாலமாண்டரும் சேர்ந்ததுதான் அந்தச் சொல். வரைந்தவர்கள் தெரிந்தேதான் வரைந்தார்கள். சிறை விஷயத்தில் கோடு ஒழுங்காகவே இருக்கலாம், கோளாறு தலைக்கணக்கில்.

அயோவா மாநிலத்து அனமோசா நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரமன்ற வார்டுகளைச் சுமார் 1,400 பேருக்கு ஒன்றாகச் சமமாகத்தான் பிரித்திருந்தார்கள். ஆனால் இரண்டாவது வார்டில் மாநிலச் சிறை இருந்தது. அங்கே எண்ணப்பட்டவர்களில் ஏறக்குறைய 1,300 பேர் கைதிகள், வாக்கு இல்லாதவர்கள். 2005 தேர்தலில் அந்த வார்டில் ஒருவரும் போட்டியிடவில்லை. ஒருவருடைய பெயரை அவர் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் வாக்குச்சீட்டில் எழுதிப் போட்டார்கள். அந்த இரண்டு வாக்கில் அவர் கவுன்சிலர் ஆகிவிட்டார்! இதில் சூழ்ச்சிக்காரர் யார்? ஆள் உண்டு உறங்கும் இடத்தில் எண்ணுவது கணக்கெடுப்புத் துறையின் பழைய விதி. ஊர் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டது.

ஆகவே என் பரிந்துரை 'சிறைக் கணக்கேற்றம்'. 'கணக்கை ஏற்றிக் காட்டுவது' என்று நாம் பேசுவதுதானே. 'சிறைவீக்கம்' கச்சிதமாக இருந்தாலும், படிப்பவர் சிறைக்குள் இட நெருக்கடி என்று எடுத்துக்கொள்வார்.

> 'வாக்கிலிக் கணக்கு' இன்னும் தெளிவு அல்லவா?

மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களில் இடறும். அங்கே கைதிகளுக்கும் வாக்கு உண்டு, ஆனால் முன்பு குடியிருந்த ஊரின் வாக்காளராக. எண்ணுவது ஓரிடம், வாக்கு வேறிடம்.

நியூயார்க்கும் மேரிலாந்தும் 2010-இல் சட்டம் போட்டு, தொகுதி பிரிக்கையில் கைதியை அவருடைய பழைய முகவரியில் சேர்க்கச் செய்தன. அதை 'ஊர்க்கணக்கு மாற்றம்' எனலாம். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

தொகுதி பிரிக்க எடுத்துக்கொள்ளும் ஆட்கணக்கை 'வாக்காளர் தொகை' என்று அகராதி வரைவில் போட்டிருப்பதை மட்டும் மாற்றியே ஆகவேண்டும். அமெரிக்காவில் நீதிமன்ற வழக்கே அதைப் பற்றித்தான் நடந்தது. வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களை வைத்தே தொகுதிகளைச் சமப்படுத்த வேண்டும் என்று டெக்சஸ்காரர்கள் இருவர் கேட்டார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் மறுத்துவிட்டார்கள்: குழந்தைகள், குடியுரிமை இல்லாதவர்கள் எல்லாரையும் சேர்த்து மொத்த மக்களை வைத்துப் பிரிப்பது செல்லும். ஒரு மாநிலம் தானாக விரும்பி வாக்காளரை மட்டும் எண்ணலாமா என்பதை முடிவு செய்யாமல் விட்டார்கள். அப்படியிருக்க, பதிலைச் சொல்லுக்குள்ளேயே திணித்துவிட்டால் கேள்வியை எப்படி எழுதுவது? 'எண்ணுதொகை' எப்படி? வினைத்தொகை, எண்ணியதற்கும் எண்ணப்போவதற்கும் பொருந்தும்.

சோதனைக்கு ஒரு வாக்கியம்: 'மாநிலம் எண்ணுதொகையிலிருந்து கைதிகளை நீக்காததால் சிறைக் கணக்கேற்றம் தொடர்கிறது.' எனக்கு உறுத்தவில்லை. சட்டத்துறை நண்பர்கள் பார்த்துச் சொன்னால் வரைவில் ஏற்றிவிடலாம்.