ஆண்கள் கூட்டத்தில் ஃபாலோ கற்றவன்: உங்கள் சல்சா அனுபவங்கள்

ஜோடியாக ஆடும் சல்சா நடனத்துக்குள் எப்படி வந்தீர்கள், கற்றுக்கொடுக்கும் பக்கம் எப்படிப் போனீர்கள் என்று இங்கே கேட்டதால் எழுதுகிறேன். என்னுடையது சென்னைக் கதை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகம். வெள்ளிக்கிழமை மதியம் ஊழியர்களை உற்சாகப்படுத்த ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று எச்.ஆர். ஆட்களுக்குக் கட்டாயம். ஒரு தடவை யோகா, ஒரு தடவை மண்பானை, அப்புறம் சல்சா. கேன்டீன் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். பாதிப் பேர் காபி குடிக்கப் போய்விட்டார்கள். நான் நின்றதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு சர்வர் படுத்திருந்தது.

கல்யாண வீட்டில் குத்துப்பாட்டு போட்டால் கூட்டத்தோடு கையைத் தூக்குவதோடு சரி, அதற்குமேல் ஆடியவன் இல்லை நான். சல்சாவில் என்னைப் பிடித்தது அந்த நிறுத்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்று காலை வைத்தால் நான்கில் நிற்கலாம். ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் மறுபடி நிற்கலாம். பாட்டு தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும், நமக்கு மட்டும் நடுவில் மூச்சு விட இடம் இருக்கும். ஆடத் தெரியாதவனுக்கு அது பெரிய சலுகை.

மாலை வகுப்பில் சேர்ந்த பிறகுதான் பிரச்சினை தெரிந்தது. ஆண்கள் நிறைய, பெண்கள் கொஞ்சம். பார்ட்னர் மாறி மாறித்தான் ஆட வைப்பார்கள். ஆள் கணக்கு உதைத்ததால் ஆண்களில் பலர் காற்றைப் பிடித்துக்கொண்டு ஆடுவோம். வெறும் கையை நீட்டி, இல்லாத பெண்ணைச் சுற்றிவிட்டு, கண்ணாடியில் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும்? சல்சாவில் கையால் வழிகாட்டி ஆட்டுவது லீட், வழக்கமாக ஆண்; அதற்கேற்ப ஆடுவது ஃபாலோ, வழக்கமாகப் பெண். ஒருநாள் நான் ஃபாலோ செய்யும் எதிர்வரிசைக்குப் போய் நின்றேன். சிரித்தார்கள். கற்றுக்கொடுத்தவர் சிரிக்கவில்லை. "நல்லது, வலது காலைப் பின்னால் வைத்து ஆரம்பி" என்றார்.

ஃபாலோ செய்யப் போனபோதுதான் ஆண்கள் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று புரிந்தது. முதலாவது, கட்டைவிரல். பயத்தில் எல்லோரும் பார்ட்னர் கையின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார்கள். அந்தப் பிடியோடு ஒரு திருப்பம் கொடுத்தால் ஃபாலோ செய்பவரின் மணிக்கட்டு முறுகும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் என் கையில் விரல் தடம் சிவந்திருக்கும். இரண்டாவது, தாமதம். ஐந்தில் பார்ட்னர் சுற்ற வேண்டுமென்றால் மூன்றிலேயே நம் கை மெதுவாக எழும்ப வேண்டும். ஐந்தில் கையைத் தூக்கிவிட்டு, "நீங்க லேட்" என்று எதிரில் இருப்பவரைக் குறை சொல்லும் ஆண்களை நான் எண்ணி முடியாது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: பெரும்பாலான ஆண்கள் பார்ட்னரைப் பார்ப்பதில்லை, அடுத்த ஸ்டெப்பை யோசித்துக்கொண்டே தரையைப் பார்க்கிறார்கள்.

நான் ஆசிரியன் ஆனது இந்த வழியில்தான். புதிதாக வரும் ஆண்களுக்கு ஃபாலோ செய்ய ஓர் ஆள் தேவைப்பட்டது. கட்டைவிரலை எடுங்க சார், கை முன்னாடியே கிளம்பணும் சார் என்று சொல்லிச் சொல்லி அதுவே வகுப்பாகிவிட்டது. மேடையில் பிரமாதமாக ஆடுகிறவர்கள் எல்லோரும் நன்றாகக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நான் நம்புவதில்லை. இரண்டு பக்கமும் ஆடிப் பார்க்காதவர் லீட் சொல்லித்தருவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும்.

வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி, "இது ஸ்பெயின் டான்ஸ்தானே மாஸ்டர்?" இல்லை. பாட்டு ஸ்பானிய மொழியில் இருக்கிறது, அவ்வளவுதான். வேர் கியூபாவின் சோன் இசையில் இருக்கிறது. அதற்குள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் தாளம் இருக்கிறது. அது நியூயார்க் போய், போர்ட்டோ ரிக்கோ மக்களின் குடியிருப்புகளில் மாம்போ என்ற கியூப நடன இசையோடும் ஜாஸோடும் கலந்து, அறுபது எழுபதுகளில் சல்சா என்ற பேரில் விற்பனைக்கு வந்தது. அந்தப் பேரை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் ஃபானியா ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு கம்பெனிக்குப் பெரிய பங்கு. 1964-இல் ஜானி பச்செக்கோ என்ற இசைக்கலைஞரும் ஜெர்ரி மசூச்சி என்ற வக்கீலும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி அது. பச்செக்கோ பிறந்தது டொமினிகன் குடியரசில். கியூபாவை விட்டு வந்த செலியா குரூஸ் பிற்பாடு அவரோடு சேர்ந்து பாடினார். இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். தூங்குகிறவர்கள் தூங்கட்டும்.

மிருதங்கம் கற்ற ஒருவர் வந்தார். அவரால் ஒன்றில் காலை வைக்க முடியும், நான்கில் நிற்க முடியாது. எட்டு அட்சரம் என்றதும் கை தானாகத் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்துவிடும். "சமம் எங்கே சார்?" என்று கேட்டார், அதாவது தாளம் தொடங்கும் இடம். நான் பாட்டை நிறுத்திவிட்டு கிளாவே தட்டச் சொன்னேன், சல்சா பாட்டுக்கு அடியில் ஓடும் தட்டுமுறை அது. ஒன்றில் ஒரு தட்டு, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒன்று, நான்கில் ஒன்று. அப்புறம் ஆறு, ஏழு. முதல் பாதியில் மூன்று, இரண்டாம் பாதியில் இரண்டு. அவர் ஒரே முறையில் பிடித்துக்கொண்டார், மற்றவர்கள் தடுமாறினார்கள். நியூயார்க்கில் எடி டோரஸ் பரப்பிய முறையில் உடம்பு திரும்புவது ஒன்றில் இல்லை, இரண்டிலும் ஆறிலும். அதை ஆன் டூ என்போம். அதைச் சொன்னதும் "எடுப்பு தள்ளி வருது, அவ்வளவுதானே" என்றார். எடுப்பு என்றால் தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். அதைவிடச் சுருக்கமாக எனக்கு இன்றுவரை சொல்ல வரவில்லை.

செருப்பு விஷயம் யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவோடு சுற்றினால் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும், முழங்கால் மட்டும் திரும்பும். அடுத்த நாள் படி ஏறும்போது தெரியும். வெளிநாட்டு டான்ஸ் ஷூ விலை கட்டுப்படியாகாது. பெரியமேட்டில் தோல் கடைகளில் மெல்லிய ஸ்வேட் துண்டு வாங்கி, பழைய ஷூவின் அடியில் நம்ம தெருமுனை செருப்புத் தைப்பவரிடம் ஒட்டிக்கொள்ளலாம். மொசைக் தரைக்கு அது அருமை. பளபளப்பான டைல்ஸில் கொஞ்சம் வழுக்கும், பார்த்து ஆடவேண்டும்.

இடம் கிடைப்பதுதான் இந்த ஊரில் பெரிய பாடு. ஒரு ஹால்காரர் வாடகையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மறுவாரம் "ஆம்பளை பொம்பளை கையைப் பிடிச்சு ஆடுறதா சொல்றாங்க, வேண்டாம்" என்றார். வாடகை திரும்பி வரவில்லை. வருமானமும் பெரிதாக ஒன்றும் இல்லை. ரிசப்ஷனில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆட மூன்று நிமிட நடனம் சொல்லிக்கொடுத்தால் வருவதுதான் ஹால் வாடகையைக் கட்டுகிறது. அலுவலக வேலையை நான் விடவில்லை, விடவும் மாட்டேன்.

* * *

பெங்களூரிலிருந்து ஒரு பெண்ணின் பதில்:

கட்டைவிரலைப் பற்றி எழுதியதற்கு உங்களுக்கு ஒரு சல்யூட் அண்ணா. நான் கற்றுக்கொடுக்க வந்ததற்குக் காரணம் கோபம். இங்கே சோஷியல், அதாவது எல்லோரும் கூடி ஆடும் நிகழ்ச்சி, நிறைய நடக்கும், வார நடுவில்கூட ஆடலாம், சென்னைக்காரர்கள் பொறாமைப்படுவது சரிதான். ஆனால் ஆட அழைத்துக்கொண்டு போய், பாட்டு ஓடும்போதே "இப்படித் திரும்பக் கூடாது, அப்படி வை" என்று பாடம் எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்களே! எட்டு வருடம் பரதம் ஆடினவள் நான். அரைமண்டியில் உட்கார்ந்து பழகிய உடம்பு எனக்கு இடுப்பை அசைக்க விடாது என்பது எனக்கே தெரியும். அதைச் சொல்லித்தர அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை.

என் வகுப்பில் முதல் நாளே ஸ்டெப்புக்கு முன்னால் இரண்டு விஷயம் சொல்லிவிடுவேன். ஒருவர் ஆட அழைத்தால் முடியாது என்று சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. முடியாது என்ற பதிலைக் கேட்டவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, அடுத்தவரிடம் போய்க் கேட்க வேண்டும். பெண்களும் போய் அழைக்கலாம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இந்த மூன்றாவதுதான் வாயில் வராது. (இரண்டு என்று ஆரம்பித்து மூன்றாகிவிட்டது, பரவாயில்லை.) கணவன் மனைவியாக வருகிறவர்கள் பார்ட்னர் மாற்றமாட்டோம் என்பார்கள். நான் வற்புறுத்துவதில்லை. ஆனால் அவர்கள்தான் வகுப்பில் அதிகம் சண்டை போடுகிறார்கள்.

இப்போது வருகிறவர்களில் பலருக்கு சல்சாவைவிட பச்சாட்டா என்ற இன்னொரு ஜோடி நடனம்தான் வேண்டும். மெதுவான பாட்டு, நான்கில் ஒரு சின்ன தட்டு, சீக்கிரம் வந்துவிடும். டொமினிகன் குடியரசில் ஒரு காலத்தில் சாராயக்கடைப் பாட்டு என்று ஒதுக்கிவைத்த அதே பச்சாட்டாவை 2019-இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. சல்சா ஆசிரியர்கள் அதைப் பார்த்து மூக்கைச் சுளிப்பது எனக்குப் பிடிக்காது. ஹால் நிறைகிறது, அங்கிருந்து நாலு பேராவது சல்சாவுக்கும் வருவார்கள்.

ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாற்றுச் சட்டை கொண்டுவாருங்கள். ஒன்று போதாது.

* * *

டொரொண்டோவிலிருந்து:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஸ்காபரோவில் வளர்ந்தவள். இங்கே டண்டாஸ் வீதியில் லூலா லவுஞ்ச் என்று ஓரிடம் இருக்கிறது. சனிக்கிழமை இரவில் முதலில் ஒரு சின்ன வகுப்பு, பிறகு மேடையில் நேரடி இசைக்குழு. அக்காவின் பிறந்தநாளுக்குப் போனது. அக்கா மறுபடி போகவில்லை, நான் விடவில்லை.

எனக்குப் படிப்பித்தது வகுப்பு இல்லை, வீதி. கோடையில் செயின்ட் கிளேர் வீதியை மறித்து சல்சா விழா நடத்துவார்கள். அங்கே ஒரு கொலம்பியத் தாத்தா, தொப்பியும் இஸ்திரி போட்ட காற்சட்டையுமாக, கையை நீட்டினார். நான் வாய்க்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் என் உதட்டைப் பார்த்துவிட்டார். தன் காதைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டிச் சிரித்தார். அவருக்கு எந்தத் தட்டில் கால் வைக்கிறார் என்ற கணக்கே இல்லை. சில இடத்தில் ஒன்றில், சில இடத்தில் சும்மா நடந்தார். பாட்டில் எக்காளம் உயர்ந்தால் தோள் மட்டும் அசையும். ஒரு திருப்பம்கூடத் தரவில்லை. அவ்வளவு சுகமாக அதற்கு முன் நான் ஆடியதில்லை.

இப்போது எங்கள் சனசமூக நிலையத்தில் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறேன், பெரும்பாலும் அம்மாமார். முதல் நாள் எண்ணுவதே இல்லை. பாட்டைப் போட்டுவிட்டு நடக்கச் சொல்லுவேன். கொங்கா மேளம் எங்கே கேட்கிறது என்று தேடச் சொல்லுவேன். சிலர் கதைத்துக்கொண்டே நடப்பார்கள், நடக்கட்டும். இரண்டாம் கிழமைதான் இலக்கம். அண்ணா, நீங்கள் முதல் நாளே எட்டு வரை எண்ண வைத்தால் ஆட்கள் பாட்டைக் கேட்கவே மாட்டார்கள் என்பது என் எண்ணம். கோபிக்க வேண்டாம்.

* * *

சென்னை, மறுபடி:

கோபம் இல்லை தங்கச்சி. ஆனால் உங்களுக்கு அந்தப் பாட்டு ஊரிலேயே கேட்கிறது, வீதியில் ஆடுகிறார்கள். இங்கே வருகிறவர் அந்த இசையை வாழ்க்கையில் முதல்முறை கேட்பதே என் வகுப்பில்தான். எண் இல்லாவிட்டால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்று பயந்துவிடுகிறார்கள். வேண்டுமானால் இப்படிச் செய்கிறேன்: முதல் பாட்டு நடை, இரண்டாவது பாட்டிலிருந்து எண். அடுத்த புது வகுப்பில் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

பெங்களூர் தங்கச்சிக்கு: மாற்றுச் சட்டை விதியை ஹால் கதவிலேயே ஒட்டிவிட்டேன். மே மாதத்துக்கு மூன்று என்று எழுதியிருக்கிறேன்.

தனிச்செய்தியில் கேட்டவருக்கும் இங்கேயே பதில். வயது நாற்பத்தாறு என்பது ஒரு தடையே இல்லை, என் வகுப்பில் உங்களைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். பார்ட்னர் இல்லாமல் தனியாக வரலாம், பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள். முழங்கால் வலி இருக்கிறது என்றீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள், வந்ததும் என்னிடமும் சொல்லிவிடுங்கள், சுற்றும் ஸ்டெப் எதுவும் தரமாட்டேன். ஷூ வாங்க இப்போதே செலவழிக்காதீர்கள். முதல் மாதம் சாக்ஸோடு ஆடுவேன் என்று மட்டும் அடம்பிடிக்காதீர்கள், டைல்ஸ் தரை.