ஓட்டுக்குக் கீழே படுக்கையறை எடுக்க ஏலுமா? மாடி எடுத்தவர்களின் அனுபவங்கள்

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து:

தங்கச்சிக்குக் கல்யாணம் முற்றானதும் வீட்டுக்கு இன்னொரு படுக்கையறை தேவைப்பட்டது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை வந்து இருப்பார். அம்மா, அப்பா, சின்னத் தங்கச்சி எல்லோரும் அதே வளவில்தான். வளவில் மிச்சமிருந்தது கிணற்றடியும் இரண்டு தென்னையும். மேலே போவதைத் தவிர வழியில்லை.

லண்டனில் இருக்கும் மச்சான் தன் வீட்டு முகட்டுக்குள் அறை எடுத்தவர். "ஓட்டைக் கழற்றாமலே உள்ளுக்குப் பலகை அடித்து எடுக்கலாம்" என்று படங்களும் அனுப்பினார். இங்கிலாந்தில் அது பரவலான வேலை. தொடர்வீட்டுக்கு 40 கன மீற்றர், தனிவீட்டுக்கு 50 கன மீற்றர் வரை கூரையைப் பெருப்பித்தால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், தனியாகத் திட்ட அனுமதி எடுக்கத் தேவையில்லை. ஆனால் கட்டட விதிகளின்படி ஒப்புதல் கட்டாயம் வேண்டும். தளம் பாரம் தாங்குமா, தீப்பிடித்தால் இறங்க வழி இருக்கா என்றெல்லாம் பார்ப்பார்கள். அவருடைய கூரை நல்ல செங்குத்து, வெளியே குளிர். நம்முடையது அப்படியில்லை.

எங்கள் வீடு 24 அடி அகலம், ஓட்டுச் சரிவு 25 பாகை அளவில். கணக்குப் பார்த்தால் நடு முகட்டுக்கு நேர் கீழேயே ஐந்தரை அடிதான் வருகிறது. நிமிர்ந்து நிற்க இடமில்லை. அப்புறம் சீலிங் சலாகைகள். அவை சீலிங் பலகையைப் பிடித்துக்கொள்வதற்காகப் போட்டவை. சீலிங்குக்குச் சதுர மீற்றருக்கு 25 கிலோ வரை பாரம் வரும் என்று கணக்கு வைத்தால், ஆட்கள் இருந்து புழங்கும் தளத்துக்கு 150 கிலோ வைக்க வேண்டும். கட்டிலும் அலுமாரியும் அந்தச் சலாகையில் நிற்காது. கச்சான், அதுதான் மேற்கிலிருந்து வரும் சூட்டுக் காற்று, வீசும் மாதங்களில் பகல் ஒரு மணிக்கு முகட்டுக்குள் தலையை விட்டுப் பாருங்கள், மிச்சம் விளங்கும்.

அதனால் பின்பக்கக் குசினிக்கு மேலே கொங்கிறீட் தட்டுப் போட்டு எடுக்க முடிவு செய்தோம். இங்கே எங்களுக்கு மிகவும் உதவியவர் ஒரு இளம் இஞ்சினியர். பிளானைத் தொடமுதல் சுவரோரமாக ஒரு குழி வெட்டச் சொன்னார். எங்கள் மேசன் பாஸுக்கு அது பிடிக்கவில்லை, "முதல்ல தட்டைப் போடுவம், மறுகா பார்ப்பம்" என்றார். குழி வெட்டியதால்தான் உண்மை தெரிந்தது. கடல் மணலில் ஆழமில்லாத கருங்கல் அத்திவாரம், அதன்மேல் ஆறு அங்குலப் புளொக்கல் சுவர். 10 அடிக்கு 12 அடி அறைக்கு ஐந்து அங்குலத் தட்டு போட்டால் தட்டு மட்டுமே மூன்று தொன்னுக்கு மேல். சுவரும் கூரையும் அதற்கு மேலே. பழைய சுவரில் அதை ஏற்றக் கூடாது என்று இஞ்சினியர் உறுதியாகச் சொல்லிவிட்டார். தனி அத்திவாரத்தில் நான்கு தூண் எழுப்பி, பழைய சுவரோடு ஒட்டாமல் ஒரு இடைவெளி விட்டுக் கட்டினோம். பழைய சுவர் எப்போதோ இருந்து படிந்துவிட்டது, புதுத் தூண் இனித்தான் கொஞ்சம் இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பூசினால் வெடிப்பு விழும்.

படிக்கு எவ்வளவு இடம் போகும் என்பதையும் முதலிலேயே கீறிப் பாருங்கள். ஒன்பது அடி உயரத்துக்கு ஏழு அங்குலப் படி வைத்தால் நேர் படிக்குக் கிட்டத்தட்ட 12 அடி நீளம் வேண்டும். ஒரு அறை எடுக்கக் கீழேயும் கணிசமான இடம் போய்விடும். நாங்கள் விறாந்தைப் பக்கமாகத் திருப்பி ஏற்றினோம், மேலே கூரையும் போட்டோம். மாரியில் இரவு நனைந்து இறங்க ஏலாது.

ஜன்னல் விசயத்தில் அம்மா சொன்னதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வரைபடத்தில் தெற்கே பெரிய ஜன்னல் இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் அவங்கட கிணத்தடி மனே, பொம்பிளைகள் குளிக்கிற இடம்" என்றார். மாடி எழும்பினால் பக்கத்து வளவின் மறைப்பு போய்விடும், எந்த அலுவலகத்துக் கடதாசியிலும் அது வராது. தெற்கில் கண்மட்டத்துக்கு மேலே சின்னக் காற்றுத் துவாரம் மட்டும் வைத்து, பெரிய ஜன்னலை வடக்குக்கு மாற்றினோம். வேலை தொடங்கமுதல் அம்மாவே அந்த வீட்டு அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார்.

மாநகர சபையில் பிளான் அனுமதி எடுத்தோம். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் இருப்பவர்கள் கரையோரம் பேணல் திணைக்களத்தையும் கேட்க வேண்டும்.

காரைதீவிலிருந்து:

அண்ணன் குழி வெட்டிப் பார்த்ததைச் சொன்னது நல்லது. எங்கள் வீட்டுக் கதை வேறு. அப்பா கட்டும்போதே "பிறகு மாடி எடுக்கலாம்" என்று தூண் கம்பிகளை மேலே நீட்டி விட்டிருந்தார். இங்கே எத்தனையோ வீட்டில் அப்படித்தான் நிற்கிறது. கடல் காற்றில் கம்பி செதில் செதிலாகக் கழன்றிருந்தது. அதன்மேல் அப்படியே புதுக் கம்பியைக் கட்டலாம் என்று சொன்ன பாஸ்மாரும் இருந்தார்கள், நாங்கள் விடவில்லை. தூணின் தலையை உடைத்து, துருப்பிடிக்காத கம்பி தெரியும்வரை இறங்கி, அங்கிருந்து 12 மில்லிமீற்றர் கம்பிக்கு இரண்டு அடி ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினோம். செலவு கூடத்தான். பிள்ளைகள் படுக்கிற அறைக்கு அதில் மிச்சம் பிடிக்க மனம் வரவில்லை. இப்போது கட்டுகிறவர்கள் நீட்டி விடும் கம்பிக்கு மேலே சீமெந்து குறைத்த கொங்கிறீட் போட்டு மூடிவிடுங்கள், தேவைப்படும்போது உடைக்கலாம். கொங்கிறீட் குழைக்க உப்புக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து:

எங்கள் காக்கா, அதாவது மூத்த அண்ணன், போன வருசம் தன் வீட்டில் மாடி எடுத்தார். மேலே தட்டை மூடாமல் வெறுமனே விட்டதால் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு நடுச்சாமம் வரை அறைக்குள் சூடு இறங்கியது. பிறகு தட்டுக்கு மேலே சீட் கூரை போட்டு, இரண்டு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டதும்தான் பிள்ளைகள் அங்கே படுக்கத் தொடங்கினார்கள். எங்கள் அறைக்கு அதைப் பார்த்துத்தான் திட்டம் போட்டோம். கச்சான் வரும் மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்கவில்லை. வாடைக்காற்றோடு மழை அடிக்கும் கிழக்குப் பக்கத்துக்குக் கூரையை மூன்று அடி வெளியே நீட்டினோம்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீட் கழற்றுகிறவர்கள் முதலில் தண்ணீர் அடித்து நனையுங்கள். அரத்தால் வெட்டவும் உடைக்கவும் விடாதீர்கள், அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் போனதுதான்.

இன்னொன்று, 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட எங்கள் வாப்பா கூரைக்காரரிடம் கேட்ட முதல் கேள்வி, "காத்து மேலே தூக்கினா எது பிடிக்கும்?" என்பதுதான். மாடிக் கூரைக்குக் காற்று இன்னும் கூட. சுவரின் மேலே சுற்றிவரக் கொங்கிறீட் பீம் போட்டு, அதற்குள் போல்ட் இறக்கி, கைமரம் ஒவ்வொன்றையும் இரும்புப் பட்டியால் அதோடு இறுக்கினோம். விலை பேசும்போதே இந்தப் பட்டி வேலையையும் கணக்கில் எழுதி வாங்குங்கள்.