எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தீர்கள்?

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணத்தை ஒட்டிய தீவகத்திலிருந்து பல நாடுகளுக்குப் போன எங்கள் ஊரவர்களின் சங்க மடற்குழுவில் ஆட்கள் கதைப்பதில்லை என்று ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் யாராவது குறைப்படுகிறார்கள். செயலாளர் மடல் போட்டால் இரண்டு பேர் "நன்றி" என்று எழுதுவார்கள், அதோடு சரி. ஆனால் இதே ஆட்கள் ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் ஒரு கலியாண வீட்டில் சந்தித்தால், மண்டபத்தைப் பூட்டவேண்டும் என்று வந்து சொல்லும்வரை வாசலில் நின்று கதைக்கிறார்கள். ஆகவே கதைக்க விருப்பம் இருக்கிறது. கதைக்கும்படியாக எங்களை யாரும் எதையும் கேட்பதில்லை என்பதுதான் என்னுடைய எண்ணம். மடல் கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்களுக்கு வரும் மடல்களைப் பாருங்கள். மரண அறிவித்தல், திருவிழா உபயம், நிதி சேகரிப்பு. மூன்றும் வேண்டியவைதான். மரண அறிவித்தலுக்கு "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்பதற்கு மேல் என்ன எழுதுவது? நிதி மடல் வந்தால் காசு இருப்பவர் அனுப்புவார், இல்லாதவர் பேசாமல் இருப்பார். அந்தப் பேசாமல் இருத்தல் பிறகு பழக்கமாகிவிடுகிறது. ஐரோப்பாவுக்கு வருவதற்கு வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டு, வதிவிட அனுமதிக்குக் காத்திருக்கும் எங்கள் பெடியள் பலருக்கு, ஊருக்குக் கொடுக்கவில்லை, இனி எந்த முகத்தோடு கருத்துச் சொல்வது என்ற கூச்சம் இருக்கிறது. முதலில் மௌனமானவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு ஊர்ப் பற்று குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது போன மாதம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சூரிச்சிலிருந்து ஒரு தம்பி ஒரே ஒரு வரி எழுதினார்: வாசிகசாலைக்குப் பின்னால், பற்றைக்குள் கிடக்கும் கிணற்றின் தண்ணீர் முந்தி குடிக்கக்கூடியதாக இருந்ததா? பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் எடுக்கலாமா என்று ஊரில் இருப்பவர்கள் அவரைக் கேட்டிருந்தார்கள், அவர் எங்களைக் கேட்டார். அவ்வளவுதான். இரண்டு நாளுக்குள் மடல் மேல் மடல். அது நல்ல தண்ணீர் என்றார் ஒருவர். மாரியில் மட்டும் நல்லது, ஆவணியில் சவர் தட்டும் என்றார் இன்னொருவர். நீங்கள் சொல்வது வேறு கிணறு, அது மதவடிக்குக் கிட்ட இருந்தது என்று மெல்பேர்ணிலிருந்து ஒரு அக்கா திருத்தினார். இந்தக் குழுவில் அதுவரை ஒரு சொல்கூட எழுதாத பாரிஸ் அண்ணை ஒருவர், தன் அப்பு அந்தக் கிணறு வெட்டியவர்களில் ஒருவர் என்றும், எத்தனை முழத்தில் கல் வந்தது என்றும் எழுதினார்.

அந்தக் கேள்வி ஏன் இப்படி வேலை செய்தது? ஒன்று, கேட்டவருக்கு மறுமொழி உண்மையிலேயே தேவைப்பட்டது. சும்மா பேச வைப்பதற்காகக் கேட்கும் கேள்வியை ஆட்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். "ஊரின் எதிர்காலம் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் மேடையில் பேசிப் பழகியவர்கள் மட்டும்தான் எழுதுவார்கள். கிணற்றைப் பற்றிச் சொல்லப் பட்டமும் வேண்டாம், பதவியும் வேண்டாம், தண்ணீர் குடித்திருந்தால் போதும். இன்னொன்று, யாருக்கும் முழு மறுமொழி தெரியாது. ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தலாம். எங்கள் ஆட்கள் புதிதாக ஒன்றைத் தொடங்கக் கூச்சப்படுவார்கள், பிழையாகச் சொன்னதைத் திருத்தாமல் இருக்க மட்டும் அவர்களால் முடியாது. இது குறை அல்ல, இந்த மடற்குழுவை உயிரோடு வைத்திருக்கப்போவதே இந்தக் குணந்தான்.

இதற்குள் இன்னும் ஆழமான விஷயம் ஒன்று இருக்கிறது. தீவகத்தில் நன்னீர் என்பது, மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்பதுதான். மாரியில் அந்தப் படை தடிக்கும், வெயில் காலத்தில் மெலியும். துலா என்ற ஏற்றத்தால் கையால் இறைத்த காலத்தில் அது தாக்குப் பிடித்தது. மோட்டார் பூட்டி வேகமாக இறைத்தால் அடியில் இருக்கும் உவர் மேலே ஏறிவிடும், பிறகு லேசில் இறங்காது. ஒரே ஒழுங்கையில் ஒரு கிணறு இனிக்கும், அடுத்தது வாயில் வைக்க முடியாது. எது எப்போது எப்படி இருந்தது என்பதை அறிந்தவர்கள் 1990இலும் 1991இலும் போரால் தீவுகளை விட்டு வெளிக்கிட்டவர்கள். போன சனத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. வளவுகள் பற்றையாகிவிட்டன. இன்று ஊரில் இருக்கும் இளம் குடும்பங்களுக்கு எங்கே கிணறு இருக்கிறது என்பதே சில இடங்களில் தெரியாது. அந்த அறிவு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் தொடர்மாடி வீடுகளில் இருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரரின் தலைக்குள் இருக்கிறது. அவர்களைக் கதைக்க வைப்பது பொழுதுபோக்கு இல்லை. ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டிக்கொடுப்பதற்குச் சமமான சங்க வேலை.

காணிப் பெயர்களும் அப்படித்தான். எங்கள் உறுதிகளில், அதாவது காணிப் பத்திரங்களில், ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத் தோம்புகள் என்ற காணிப் பதிவேடுகளில் எழுதப்பட்ட பெயர்கள் பரம்பரையாக உறுதிக்கு உறுதி இறங்கி வந்திருக்கின்றன. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர் என்ற கணக்கில் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து இரண்டு பரப்பு, ஒன்றரைப் பரப்பு என்று சிறுத்த காணிகளுக்கும் அந்தப் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லை சொல்லும் இடத்தில் அயலவரின் பெயர், ஒழுங்கை, கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் எல்லாம் வரும். உங்கள் வீட்டுக் காணியின் பெயர் என்ன என்று மட்டும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். மறுமொழிகளைச் சேர்த்து வைத்தால், எந்த அரசாங்க வரைபடத்திலும் இல்லாத ஒரு ஊர்ப்படம் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பெயரை எழுதுங்கள், உறுதியின் படத்தை இங்கே போடாதீர்கள். ஆளில்லாத காணிகளைப் போலி உறுதி முடித்து விற்கும் காலம் இது. அதோடு, எல்லைச் சண்டை தொடங்கினால் அந்த இழையை, அதாவது அந்த மடல் தொடரை, உடனே நிறுத்திவிட வேண்டும். அதைத் தீர்க்க நீதிமன்றம் இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். கிணற்றுக் கேள்விக்கு வந்த மறுமொழிகளுக்கு நடுவே ஒருவர் எழுதியிருந்தார்: "நாங்கள் அந்தக் கிணற்றில் அள்ள முடியாது. யாராவது வந்து ஊற்றும்வரை குடத்தோடு நிற்க வேண்டும்." அதற்குப் பிறகு அந்த இழையில் கொஞ்ச நேரம் ஒருவரும் எழுதவில்லை. பிறகு ஒருவர் "பழையதை ஏன் கிளறுவான்" என்று எழுதினார், வேறு சிலர் அதற்குக் கைகூப்பினார்கள். குடத்தோடு நின்றதை எழுதியவர் அதற்குப் பிறகு எழுதவேயில்லை.

எனக்கு அது மிகவும் மனவருத்தமாக இருந்தது. பழையதைக் கிளறச் சொல்லிக் கேட்டதே நாங்கள்தானே! துலாவில் ஏறி விளையாடிய கதை இனித்தது, மாங்காய் களவெடுத்த கதை இனித்தது, குடத்தோடு காத்து நின்ற கதை மட்டும் கூடாதா? கிணறுகளையும் கோயில்களையும் தேநீர்க் கடைகளையும் சாதி பாராமல் எல்லோருக்கும் திறக்கவேண்டும் என்று 1957இலேயே சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. தேநீர்க் கடையில் சிரட்டையிலும் போத்தலிலும் குடித்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் மடற்குழுவில் இருக்கிறார்கள். அவர்களும் சந்தா கட்டுகிறார்கள், அவர்களும் பள்ளிக்கூடத்துக் கூரைக்குக் காசு அனுப்பினார்கள். ஊர் என்று நாங்கள் சொல்லும்போது அவர்களுடைய ஊரும் அதற்குள் வரவேண்டும். வராவிட்டால், அவர்கள் ஏன் எங்களோடு கதைப்பதில்லை என்று இனிமேல் யாரும் கேட்கக் கூடாது.

அப்படி ஒரு மறுமொழி வரும்போது என்ன செய்வது? முதலில், அடுத்த செய்தியை எழுதி அதை மூடிவிடக் கூடாது. மன்னிப்புக் கேட்கும் நீண்ட உரையும் வேண்டாம், அது சொன்னவரை விட்டுவிட்டுக் கேட்டவரைப் பற்றியதாகிவிடும். "எந்த ஆண்டுவரை அப்படி இருந்தது? பிறகு எங்கே அள்ளினீர்கள்?" என்று மற்றவர்களைக் கேட்ட அதே மாதிரி அவரையும் கேட்க வேண்டும். நிர்வாகக் குழு மூத்தவர்களில் ஒருவர் அந்த இடத்தில் பெயர் போட்டு எழுதினால் நல்லது. நான் இந்த மடலை எழுதுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். அந்த ஐயா இதை வாசித்தால், உங்கள் கிணறு எது என்று எனக்குத் தெரிய வேண்டும். தயவுசெய்து எழுதுங்கள்.

எழுதாதவர்களில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமக்கள், மருமகன்மார். அவர்களுக்கு எங்கள் சிறுபராயக் கதையில் இடமில்லை. ஆனால் வந்த முதல் நாள் ஊர் எப்படித் தெரிந்தது என்று கேட்டால், நாங்கள் ஒருநாளும் கவனிக்காததை அவர்கள் சொல்வார்கள். அப்புறம் இங்கே பிறந்த பிள்ளைகள். அவர்கள் பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ ஆங்கிலத்திலோ எழுதட்டும், யாராவது தமிழில் சுருக்கிச் சொல்லலாம். தமிழில் எழுதிப் பார்க்கும் பிள்ளையின் எழுத்துப் பிழையை எல்லோர் முன்னாலும் திருத்த வேண்டாம். தண்ணீர்க் கதையைத் திருத்துங்கள், றகரத்தை விட்டுவிடுங்கள்.

தட்டச்சுத் தெரியாத அம்மம்மாக்கள், ஆச்சிமார்தான் எங்கள் பெரிய செல்வம். அவர்களிடம் கேள்வியைப் பேரப்பிள்ளை கொண்டுபோகட்டும். வட்ஸ்அப்பில் குரல்பதிவாக எடுத்து அனுப்பினால் போதும், எழுதித்தர ஆட்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது மேசையில் பழைய படம் ஒன்றையோ இறந்தவர் நினைவாக அச்சிடும் அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகம் ஒன்றையோ வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்தப் புத்தகத்தில் வம்சாவளி இருக்கும். "இது யார்?" என்று ஒரு பெயரில் விரலை வைத்தால் அரை மணித்தியாலம் போவதே தெரியாது.

நேரில் கதைக்கும் சூம் கூட்டம் வைக்கலாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். வைக்கலாம், ஆனால் நாற்பது பேர் இருந்தால் நால்வர்தான் பேசுவார்கள். ஏழு எட்டுப் பேர், ஒரு கேள்வி, ஒரு மணித்தியாலம். கோடையில் சனிக்கிழமை ரொறன்ரோ காலை 8 மணி என்றால் இலண்டனில் பகல் 1, பாரிஸிலும் சூரிச்சிலும் 2, ஊரில் மாலை 5.30, மெல்பேர்ணில் இரவு 10. இதை விட்டால் எல்லோருக்கும் பொருந்தும் நேரம் அதிகமில்லை. மார்கழியில் அதே நேரம் மெல்பேர்ணில் நள்ளிரவு ஆகிவிடும், அப்போது நாங்கள் இங்கே ஒன்றிரண்டு மணித்தியாலம் முந்தி எழும்ப வேண்டும். எப்போதும் அவுஸ்திரேலியாக்காரரையே நித்திரை முழிக்க வைப்பது நியாயமில்லை.

வருவதையெல்லாம் என்ன செய்வது? 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்த பிறகு, கையில் இருப்பதை ஒரே இடத்தில் வைத்திருக்கக் கூடாது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2005இலிருந்து நடக்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் எத்தனையோ ஊர்களின் மலர்களும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. எங்கள் பழைய ஆண்டு மலர்கள் யாரிடம் இருக்கின்றன என்று சொல்லுங்கள், வருடி எடுத்து அங்கே கொடுப்போம். மடலில் எழுதியதையும் குரல்பதிவையும் சொன்னவரின் சம்மதம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். சம்மதம் இல்லாதது எங்களுக்குள் இருக்கட்டும்.

நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். மாதத்துக்கு ஒரு கேள்வி, நிதி மடலோடு சேர்க்காமல் தனியாக. கேள்வியை ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு நாட்டுக் கிளை போடட்டும். மாத முடிவில் வந்தவற்றை ஒரு பக்கத்தில் தொகுத்து ஊருக்கும் அனுப்ப வேண்டும், ஏனென்றால் இப்போது அங்கே இருப்பவர்களுக்குத்தான் இது உடனே பயன்படும். தொகுக்கும் வேலையை முதல் ஆறு மாதம் நான் செய்கிறேன்.

முதல் கேள்வியை நானே வைக்கிறேன். நீங்கள் எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தீர்கள், ஆவணி புரட்டாசியில் அது எப்படி இருந்தது, யார் யார் அங்கே அள்ளினார்கள், யார் அள்ள முடியாமல் இருந்தது? எங்கள் வீட்டார் அள்ளியது வைரவர் கோயிலடிக் கிணற்றில். ஆவணியில் அதிகாலையிலேயே போக வேண்டும், விடிந்த பிறகு வாளி கல்லில் தட்டும். ஆச்சிமாரிடம் குரல்பதிவு எடுத்து அனுப்புகிறவர்கள் அவர்களின் வயதையும் எந்தக் குறிச்சி என்பதையும் தொடக்கத்தில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஸ்காபுரோவிலிருந்து ஓர் ஊரவர்