கிழிந்த கடைசித் தாளும் குதிரைமுகத்தானும்: பீட்டா ரே பில் அனுபவங்கள்

நடைபாதை வாசகன்
பழைய புத்தகக் குவியலில், நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, 1983 நவம்பர் தேதியிட்ட, மார்வெல் காமிக்ஸின் ‘தோர்’ 337ஆம் இதழ் கிடைத்தது. அட்டையில் தோரின் உடையணிந்த குதிரைமுகத்தான் ஒருவன் சுத்தியலை வீசி, இதழின் தலைப்பெழுத்துகளையே நொறுக்கிக்கொண்டிருந்தான். கடைசித் தாள் கிழிந்திருந்ததால், அவன் தோரைக் கொன்று இடத்தைப் பிடித்துக்கொண்ட வில்லன் என்றே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். பிற்பாடு முழு இதழைப் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது: அவன் பெயர் பீட்டா ரே பில்; தோரின் தந்தை ஓடின் தன் மகனென்று நினைத்து அவனைத் தேவலோகமான அஸ்கார்டுக்கு அழைத்துக்கொள்ள, சுத்தியலாக மாறும் கைத்தடியும் பறிபோன டொனால்ட் பிளேக், அதாவது தோரின் மனித உரு, கீழே தனியாக நின்று தந்தையைக் கூவி அழைக்கிறான். அந்தக் கூவல் என் பிரதியில் இல்லாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

கோட்டோவியம்
நீங்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. அரக்கனென்று வாசகர் எண்ண வேண்டும் என்பதற்காகவே அந்தக் கதையை எழுதி வரைந்த வால்டர் சைமன்சன் குதிரையின் மண்டையோட்டை மனத்தில் கொண்டு அந்த முகத்தை வரைந்தார். ஆனால் ‘குதிரைமுகத்தான்’ என்று நீங்கள் எழுதுவதை ஏற்க மாட்டேன். அவன் தன் மக்களைக் காப்பதற்காக உருமாற்றத்துக்கு உடன்பட்ட, கோர்பினைட் என்னும் வேற்றுக்கிரக இனத்தவன். 2021இல் டேனியல் வாரன் ஜான்சன் படைத்த ஐந்து இதழ்த் தொடரில், ஸ்டார்ம்பிரேக்கர் என்ற தன் சுத்தியல் உடைந்துவிட்டதால் பழைய உருவுக்குத் திரும்ப முடியாத அவனிடமிருந்து அஸ்கார்டின் வீராங்கனை ஸிஃப் விலகிக்கொள்ளும் கட்டத்தைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அட்டைப்பெட்டி
நானும் அந்த 337ஆம் இதழை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்ததும் அட்டை தனியே கையோடு வந்துவிட்டது. ஆகவே வாங்க நினைப்பவர்கள் முதலில் நடுப்பக்க ஊசிகளில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டையின் கீழ்மூலைப் பெட்டியில் பார்கோடு இருந்தால் அது பத்திரிகைக் கடைகளுக்குப் போன பிரதி, ஸ்பைடர்மேன் முகம் இருந்தால் காமிக்ஸ் கடைகளுக்குப் போன பிரதி. அமிலமற்ற அட்டையைப் பின்னால் வைத்து உறையிலிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் செய்தித்தாள் காகிதம் வெகு விரைவில் பழுப்பேறும். கதை மட்டும் போதுமென்றால் 337 முதல் 340 வரை சேர்த்தே படியுங்கள், ஏனெனில் பிளேக்காக மாறும் மந்திரத்தை ஓடின் பில்லின் சுத்தியலுக்கு மாற்றுவது 340இல்தான் நடக்கிறது. சைமன்சனின் தோர் கதைகளைத் திரட்டிய 2011இன் பெருந்தொகுப்பில் ஸ்டீவ் ஒலிஃப் புதிதாக வண்ணமிட்டிருக்கிறார். துல்லியமானதுதான், ஆயினும் பழைய அச்சின் புள்ளி புள்ளியான வண்ணத்தின் கரகரப்பு அதில் இல்லை.

நடைபாதை வாசகன்
வாங்கும் எண்ணம் எனக்கில்லை, ஐயா. இருந்தாலும் நீங்கள் சொன்னதால் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அந்த மூலையில் பார்கோடா, முகமா என்று தெரியவில்லை. கடைக்காரர் நீல மையால் ‘ரூ. 3’ என்று அதன்மேல் அழுத்தி எழுதியிருக்கிறார்.