எஃப்-35 துளைகளில் விடுபட்ட பிரைமர்: ரிப்பேர் செலவு யார் தலையில்?

நீலவானம்:
2017-ல் யூட்டாவின் ஹில் விமானப்படைத் தளத்தில் எஃப்-35 என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் பேனல்களைக் கழற்றியபோது, அவற்றைப் பிணைக்கும் ஃபாஸ்டனர்களின் (போல்ட் போன்றவை) துளைகளில் அரிப்பு தெரிந்தது. செப்டம்பர் 21 முதல் அக்டோபர் 20 வரை பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) புது விமானம் எதையும் ஏற்கவில்லை. அது புரிகிறது. ஆனால் 2018 வசந்த காலத்தில் பெரும்பாலான டெலிவரிகளை மறுபடி நிறுத்தியது ரிப்பேர் செலவு யாருடையது என்ற தகராறுக்காகவாம். பிரைமர் (அரிப்பைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடிக்காமல் விட்டது தயாரித்த லாக்ஹீட் மார்ட்டின். மிக்ஸிக்கே வாரண்டி இருக்கும்போது இதில் தகராறு எங்கிருந்து வந்தது?

பட்டறை:
வேலை எவ்வளவு என்று தெரிந்தால்தான் தகராறு புரியும். வெளிப்பேனல் கார்பன் ஃபைபர், உள்சட்டம் அலுமினியம். கார்பன் மின்சாரம் கடத்தும். இரண்டுக்கும் நடுவே ஈரம் புகுந்தால் அலுமினியம்தான் கரையும். அதனால்தான் துளை போட்டதும் வெற்று உலோகத்தில் பிரைமர் பூசிவிட வேண்டும். தொழிற்சாலையில் இது சில நிமிட வேலை.

பின்னால் சரிசெய்வது அப்படியல்ல. ஃபாஸ்டனர் தலைமேல் இருக்கும் ரேடார் மறைப்புப் பூச்சைச் சுரண்டி எடுக்கணும், ஃபாஸ்டனரைக் கழற்றணும், துளையைச் சோதிக்கணும். அரிப்பு இருந்தால் ரீமர் (துளையை அகலப்படுத்தும் கருவி) விட்டு உலோகம் சுத்தமாகும்வரை அகலப்படுத்தணும். முதல் ஓவர்சைஸ், அதாவது விட்டத்தில் கூட்டும் அளவு, வழக்கமாக 0.4 மி.மீ., அடுத்தது 0.8. பிறகு பிரைமர், சீலண்ட் தடவிய பெரிய ஃபாஸ்டனர், மேலே மறுபடி பூச்சு, அது காயக் காத்திருப்பு.

சிக்கல் விளிம்பு தூரத்தில்தான். துளையின் மையத்திலிருந்து சட்டத்தின் விளிம்புக்குக் குறைந்தது ஃபாஸ்டனர் விட்டத்தின் இரண்டு மடங்கு இருக்கணும் என்பது பொதுவான கணக்கு. 6 மி.மீ. ஃபாஸ்டனருக்கு 12 மி.மீ. அகலப்படுத்த அகலப்படுத்த இந்த இடைவெளி போதாமல் போகும். அப்போது ஒவ்வொரு துளைக்கும் தனியாக இன்ஜினியரிங் ஒப்புதல் தேவை. பாதிக்கப்பட்ட விமானங்கள் 200-க்கு மேல், அதுவும் உலகெங்கும் சிதறி நிற்பவை. டெக்னீஷியன்களை அங்கெல்லாம் அனுப்பும் செலவு யாருடையது என்பதில்தான் இழுபறி.

ஒப்பந்தன்:
பட்டறை சொன்னதோடு காகிதப் பக்கத்தையும் சேர்க்கிறேன். தொழிற்சாலையில் அரசு அதிகாரி டிடி-250 படிவத்தில் கையெழுத்துப் போட்டால் விமானம் ஏற்கப்பட்டது என்று அர்த்தம். நிலையான விலை ஒப்பந்தத்தில், அதற்குப் பிறகு மறைந்திருந்த குறை, மோசடி, மோசடிக்கு நிகரான பெருந்தவறு, இவை இருந்தால்தான் பொதுவாக அரசு பின்னோக்கிப் போக முடியும். தனி வாரண்டி எழுதியிருந்தால் அது வேறு. துளைக்குள் பிரைமர் இல்லாதது மறைந்த குறையா? ஃபாஸ்டனர் போட்டபின் யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கு முன்பு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், உங்கள் ஆட்களும் இங்கேதானே இருந்தார்கள் என்று கம்பெனி வாதாட இடமிருக்கிறது.

ஆன செலவோடு லாபத்தையும் அரசு கொடுக்கும் அடக்கவிலை ஒப்பந்தமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஏற்றுக்கொண்ட 6 மாதத்துக்குள் திருத்தச் சொல்லலாம். ஆனால் திருத்தும் செலவையும் அரசே கொடுக்கும், கம்பெனிக்குக் கூடுதல் லாபம் மட்டும் கிடையாது. எஃப்-35-ன் முதல் மூன்று லாட்டுகள் (தொகுதி தொகுதியாக வாங்கும் விமானங்கள்) இந்த வகை. அடுத்தவை ஊக்கத்தொகையோடு கூடிய நிலையான விலை: உச்சவரம்பு வரை கூடுதல் செலவை இருவரும் பங்கிடுவார்கள். ஆக, ஒரே குறைக்கு லாட்டைப் பொறுத்துக் கணக்கு மாறும். தயாரித்தவரின் பிழைக்கு மக்கள் வரிப்பணம் போவது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம். ஆனால் கையெழுத்திட்ட ஷரத்து அதுதான்.

நீலவானம்:
அப்படியானால் டெலிவரியை நிறுத்தியது கோபத்தில் இல்லை?

ஒப்பந்தன்:
இல்லை. கையெழுத்துப் போடாதவரை டெலிவரிக்கு உரிய தொகை போகாது. அரசின் கையில் இருந்த வலுவான பிடி அது ஒன்றுதான். மே மாதம் டெலிவரி மீண்டும் தொடங்கியது.

பட்டறை:
பறக்கும்போதே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் போயிங்கின் கேசி-46 டேங்கரில் இந்தப் பிடியை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். குறையோடு வாங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் 2.8 கோடி டாலர் வரை நிறுத்திவைக்கலாம். எரிபொருள் நிரப்புபவர் பார்க்கும் கேமரா அமைப்பு சரியில்லை. அதன் மறுவடிவமைப்பு போயிங் செலவு. ஆனால் எரிபொருள் பூம் (எரிபொருள் செலுத்தும் நீண்ட குழாய்) மெதுவான ஏ-10 தாக்குதல் விமானத்துக்கு விறைப்பாக இருந்தபோது பணம் விமானப்படையுடையது. பூம் ஒப்பந்தத்தில் கேட்ட அளவுப்படியே இருந்தது, ஏ-10-க்கு ஏற்றபடி இளக்கச் சொன்னது விமானப்படை. அதனால் உங்கள் கேள்விக்கு முதலில் தேட வேண்டியது அந்தப் பாகத்தின் வரைபடக் குறிப்பை. பிரைமர் அதில் எழுதியிருந்து அடிக்காமல் விட்டார்கள் என்றால் வாதம் அரசுப் பக்கம் பலமாக நிற்கும்.