மரக்கறித் தட்டா, இறைச்சித் தட்டா? உடம்புக்கு எது நல்லது

எலும்புசூப் (கொட்டாஞ்சேனை)

வெள்ளவத்தையில் ஏதாவது ஒரு சைவக் கடையில் மத்தியானம் உட்கார்ந்து பக்கத்து மேசைகளைப் பாருங்கள். தட்டு நிறைய வெள்ளைச் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம், மோர்மிளகாய். முடிவில் பாயாசம். எழும்பிப் போய் சீனி போட்ட பால் தேத்தண்ணீர். ஒரு துண்டு இறைச்சி கிடையாது. ஆனால் அங்கே சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேர் சட்டைப் பையில் சீனி வருத்தத்துக்கு மாத்திரை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நான் சோற்றை ஒரு பிடியாகக் குறைத்து முட்டை, மீன், கோழி, ஆட்டிறைச்சி என்று மாறி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. சீனியும் இறங்கியது, வயிறும் இறங்கியது. இருந்தும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஒரு பெரியப்பா பக்கத்தில் வந்து, "தம்பி, மச்சத்தை விட்டுப் பாரும், நூறு வயது இருக்கலாம்" என்கிறார். அவர் சொல்லும்போது கையில் லட்டு.

2019 ஒக்டோபரில் அமெரிக்காவின் ஒரு பெரிய மருத்துவ இதழில் 14 பேர் கொண்ட குழு ஒன்று, இறைச்சியைக் குறைக்கச் சொல்வதற்குப் போதுமான வலுவான சான்று இல்லை, இப்போது சாப்பிடும் அளவிலேயே தொடரலாம் என்று எழுதியது. சைவக் கட்சிக்காரர் பதில் சொல்லட்டும்.

வல்லாரைச்சம்பல் (வெள்ளவத்தை)

அண்ணா, சைவக் கடைத் தட்டைப் பற்றிச் சொன்னதில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் ஆடிய விதம் சரியில்லை. உங்கள் பக்கத்தில் முட்டை, மீன், குறைந்த சோறு. எங்கள் பக்கத்தில் பாயாசமும் அப்பளமும். நானும் அதே மாதிரி, சொசேஜும் கொத்தும் தின்கிற ஒருவரைப் பிடித்து வந்து "பாருங்கள் இறைச்சிக்காரரை" என்று சொல்லலாமே.

இந்த வித்தியாசத்தை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2017 இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் தாவர உணவை இரண்டாகப் பிரித்தார்கள். முழுத்தானியம், பருப்பு வகை, காய், பழம், கொட்டை ஒரு பக்கம். வெள்ளை மா, உருளைக்கிழங்கு, இனிப்பு, சீனிப் பானம் மறுபக்கம். முதல் வகையை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் ஆபத்து 25 சதவீதம் குறைவு. இரண்டாவது வகைக்காரருக்கு 32 சதவீதம் கூட. இரண்டுமே 'தாவரம்' தான். நீங்கள் திட்டுவது இரண்டாவது தட்டை. முதல் தட்டோடு உங்கள் ஆட்டிறைச்சியை வைத்துப் பேசுங்கள், கேட்கிறேன்.

அந்த 14 பேர் விசயத்தையும் முழுதாகச் சொல்லுங்கள். 11 பேர் தான் அப்படி வாக்களித்தார்கள், மூன்று பேர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களே அதை 'பலவீனமான பரிந்துரை' என்று தான் எழுதினார்கள். மருந்துகளைச் சோதிக்கும் அளவுகோலை உணவுக்கு வைத்தால் அப்படித்தான் வரும். இருபது வருடத்துக்கு ஆட்களைப் பிரித்து, நீ இறைச்சி தின், நீ பருப்பு தின் என்று எவரால் சோதனை நடத்த முடியும்?

இரவுக்கொத்து (மருதானை)

என் கொத்தில் இறைச்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், மிச்சம் எல்லாம் ரொட்டி. நான் எந்தக் கட்சி?

எலும்புசூப்

தம்பி, நீர் மாக் கட்சி.

வல்லாரை, நீண்ட காலச் சோதனை நடத்த முடியாது என்பது சரி. அப்படியென்றால் 25 சதவீதம், 32 சதவீதம் என்ற கணக்குகளும் ஆட்களைக் கேட்டு எழுதியவை தானே? முழுத்தானியமும் கொட்டையும் சாப்பிடுகிறவர் புகைக்க மாட்டார், நடப்பார், காசும் இருக்கும். கணக்கில் சரிப்படுத்தினோம் என்பார்கள். எவ்வளவு சரிப்பட்டது என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. இங்கிலாந்தில் எபிக்-ஒக்ஸ்ஃபோர்ட் என்று 48,000 பேரைப் பதினெட்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். 2019 இல் வந்த முடிவு: சைவர்களுக்கு பக்கவாதம் 20 சதவீதம் கூட. அடுத்த வருடம் அதே ஆய்விலிருந்து எலும்பு முறிவுக் கணக்கு வந்தது. பால், முட்டையும் தொடாதவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு இறைச்சி சாப்பிடுபவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இதைப் பெரியப்பாவிடம் யார் சொல்வது?

வல்லாரைச்சம்பல்

பாதியை மட்டும் வெட்டி எடுத்து வந்திருக்கிறீர்கள். அதே 2019 கட்டுரையில், அதே சைவர்களுக்கு இதய நோய் 22 சதவீதம் குறைவு. சதவீதத்தை விட்டு ஆட்களாக எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேரில் பத்து வருடத்தில் இதய நோய் பத்துப் பேருக்குக் குறைகிறது, பக்கவாதம் மூன்று பேருக்குக் கூடுகிறது. எனக்கு அந்தக் கணக்கு போதும்.

எலும்பு முறிவை மறைக்கத் தேவையில்லை. கல்சியமும் புரதமும் குறைந்தால், உடம்பு மெலிந்தால், எலும்பு முறியும். எள், கீரை, டோஃபு என்று பார்த்துச் சாப்பிட வேண்டும். அதை நான் எப்போதும் சொல்லி வருகிறேன்.

இறைச்சிப் பக்கத்துக்கும் கணக்கு உண்டு. 2015 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பதப்படுத்திய இறைச்சியை, புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றுக்கான முதலாம் பிரிவில் போட்டது. தினமும் 50 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஒரு சொசேஜ், சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் ஏறும். கொழும்பில் எத்தனை பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டியில் சொசேஜ் பணிஸ் போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எலும்புசூப்

சொசேஜை நான் ஒருநாளும் தாங்கிப் பேசவில்லை. அந்த முதலாம் பிரிவு என்பது சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. சிகரெட்டும் அதே பிரிவில் இருக்கிறது என்பதற்காக சொசேஜும் சிகரெட்டும் ஒன்று என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, சரி. ஆனால் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி அந்தப் பிரிவில் இல்லை. அவை 2ஏ, 'அநேகமாகப் புற்றுநோய் தரும்' என்ற பிரிவு. பதப்படுத்தாத கோழியும் மீனும் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

உங்கள் பெயரில் உள்ள சம்பலில் கொழும்புக் கடைகளில் மாசிக் கருவாடு போடுவார்கள். கேட்டு வாங்குங்கள்.

வல்லாரைச்சம்பல்

வீட்டில் அரைப்பது. மாசி இல்லை.

பிற்பகல்கிளினிக் (தெஹிவளை)

இரண்டு பேரும் பேப்பர் வீசி விளையாடுகிறீர்கள். நான் கிளினிக்கில் நாளாந்தம் பார்ப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

பி12 தாவர உணவில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பால், முட்டை, மீன், இறைச்சி எதுவும் தொடாதவர் மாத்திரை எடுக்கத்தான் வேண்டும், அதில் வாதத்துக்கு இடமில்லை. எங்கள் ஆட்களில் இன்னொரு சிக்கல்: சீனி வருத்தத்துக்கு வருடக்கணக்காக மெட்ஃபோர்மின் எடுக்கிறார்கள். அந்த மருந்தும் பி12 ஐக் குறைக்கும். சைவக்காரர், மெட்ஃபோர்மின், அறுபது வயது என்று மூன்றும் சேர்ந்தால் கால் விறைப்பு, மறதி என்று வருவார்கள். வீட்டில் 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுவார்கள்.

இரும்புச்சத்து அடுத்தது. இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு இலகுவாக எடுக்கும், கீரையிலும் பருப்பிலும் உள்ளதை அவ்வளவு எடுக்காது. இதற்கு இறைச்சிதான் வழி என்று இல்லை. கீரைக்கு மேல் தேசிக்காய் பிழியுங்கள், விற்றமின் சி அதற்கு உதவும். சாப்பாடு முடிந்த கையோடு தேத்தண்ணீர் குடிப்பதை நிறுத்துங்கள், ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். எங்கள் பெண்கள் செய்யும் மிகப் பெரிய பிழை அந்தத் தேத்தண்ணீர்.

இனிச் சோறு. 2012 இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில் நாளுக்கு ஒரு பங்கு வெள்ளைச் சோறு கூடக்கூட நீரிழிவு ஆபத்து 11 சதவீதம் ஏறியது. ஒரு பார்சலில் எத்தனை பங்கு இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? சைவப் பார்சலிலும் கோழிப் பார்சலிலும் சோற்றின் அளவு ஒன்றுதான். கோழித் துண்டு ஒன்று, சோறு ஒரு கிலோ. அதனால் இங்கே இறைச்சிதான் பிரச்சினை என்றோ மரக்கறிதான் பிரச்சினை என்றோ என்னால் சொல்ல முடியவில்லை.

இரவுக்கொத்து

அக்கா, ஒரு கிலோ என்பது கொஞ்சம் கூட இல்லையா?

பிற்பகல்கிளினிக்

தம்பி, புறக்கோட்டையில் சாமான் இறக்குபவருக்குக் கட்டும் பார்சலைப் பார்த்திருக்கிறீரா? அவருக்கு அது எரியும். ஒபிசில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரும் அதே அளவை வாங்குவதுதான் என் வயிற்றெரிச்சல்.

எலும்புசூப்

அக்கா சொல்வது என் பக்கம் தான் வருகிறது: மாச்சத்தைக் குறை.

ஒன்று விட்டுப்போகிறது. 'கொழுப்பு, கொழுப்பு' என்று இறைச்சியைத் திட்டுகிறவர்கள் தேங்காயை ஏன் மறக்கிறார்கள்? தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. மாட்டுக் கொழுப்பில்கூட ஏறக்குறைய பாதிதான். காலையில் இடியப்பத்துக்குச் சொதி, தேங்காய்ச் சம்பல். மத்தியானம் பால் விட்ட மூன்று கறி. இரவு பிட்டு, அதிலும் தேங்காய்ப்பூ. நாள் முழுவதும் தேங்காய் ஓடிய பிறகு, 'நாங்கள் கொழுப்பில்லாமல் சாப்பிடுகிறோம்'!

வல்லாரைச்சம்பல்

இதில் நீங்கள் அடித்தது சரியான இடத்தில். 2020 இல் பதினாறு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மற்ற மரக்கறி எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோலைச் சுமார் 10 மில்லிகிராம் ஏற்றுகிறது. நான் பொரிப்பதை விட்டு, சொதிக்கு இரண்டாம் பால் மட்டும் எடுக்கிறேன். அம்மா அதைச் சொதி என்று ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

ஆனால் 'மாச்சத்தைக் குறைத்தால் போதும், இறைச்சி எவ்வளவும் தின்னலாம்' என்று நீங்கள் தாவுவதை விடமாட்டேன். 2021 இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் கொழுப்புக் குறைந்த தாவர உணவு, இரண்டு வாரம் மாச்சத்துக் குறைந்த, விலங்குணவு கூடிய உணவு. விரும்பிய அளவு சாப்பிடலாம். தாவர உணவில் இருந்தபோது நாளுக்கு ஏறக்குறைய 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். யாரும் குறைக்கச் சொல்லவில்லை. இது ஆட்களைக் கேட்டு எழுதிய கணக்கு அல்ல, அளந்து கொடுத்த சாப்பாடு.

எலும்புசூப்

அந்த ஆய்வு எனக்கும் தெரியும். சாப்பிட்ட பிறகு இரத்தச் சீனியும் இன்சுலினும் எந்தப் பக்கத்தில் குறைவாக இருந்தன என்பதையும் எழுதுங்கள். இறைச்சிப் பக்கத்தில். எடை இரண்டு பக்கத்திலும் குறைந்தது. சீனி வருத்தக்காரனுக்கு இதில் எது முக்கியம்?

பிற்பகல்கிளினிக்

இரண்டும் முக்கியம். அதோடு இரண்டு வாரத்தை வைத்து இருபது வருடத்தைச் சொல்ல முடியாது, அதை எழுதியவர்களே சொல்கிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நேரம் ஒருவரும் மீனைத் தனியாக எடுத்துப் பேசவில்லை. இந்த நாட்டில் விலங்குப் புரதத்தில் பாதிக்கு மேல் மீனிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபைக்காரர் 73,000 பேரை வைத்துச் செய்து 2013 இல் வந்த ஆய்வில், மொத்தச் சைவர்களின் இறப்பு விகிதம் 12 சதவீதம் குறைவு. அதற்குள் பிரித்துப் பார்த்தால் மிகக் குறைவு மீன் மட்டும் சேர்த்துக்கொண்ட கூட்டத்துக்கு, 19 சதவீதம். அந்தச் சபையில் புகை, குடி இரண்டும் மிகக் குறைவு. ஒப்பீடும் அவர்களுக்குள்ளேயே நடந்தது. எலும்புசூப் தம்பி கேட்ட 'சைவர்கள் புகைக்க மாட்டார்கள்' என்ற கேள்விக்கு அது ஓரளவு பதில்.

சாளை, கீரி, நெத்தலி எல்லாம் எலும்போடு சாப்பிடக்கூடியவை. கல்சியம், பி12, ஒமேகா-3 எல்லாம் ஒன்றாக வருகிறது. கருவாடாக வாங்கினால் உப்பைக் கழுவி ஊற வையுங்கள், பிரஷர்காரர் விட்டுவிடுங்கள்.

வல்லாரைச்சம்பல்

அக்கா, நான் மீனும் தொடுவதில்லை. அது உடம்புக் கணக்கு மட்டும் இல்லை. பி12 மாத்திரை எடுக்கிறேன், பருப்பும் சோயா மீட்டும் கௌப்பியும் கடலையும் மாறி மாறிச் சமைக்கிறேன். குரக்கன் பிட்டு வாரத்தில் சில நாள்.

இரவுக்கொத்து

சோயா மீட் பக்கெட்டுக்குள் இருக்கும் அந்தச் சிறிய தூள் பொட்டலத்தைப் போடுவீர்களா?

வல்லாரைச்சம்பல்

அதைத் தூக்கி எறிவேன். முக்கால்வாசி உப்பு.

எலும்பு அண்ணா, ஒரு கேள்விக்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை. சீனி இறங்கியது, வயிறு இறங்கியது என்றீர்கள். எல்டிஎல்?

எலும்புசூப்

ஏறியிருக்கிறது. 170க்கு மேல். ஆனால் டிரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு பாதியாகிவிட்டது, எச்டிஎல் என்ற நல்ல கொலஸ்ட்ரோல் கூடியிருக்கிறது. அந்த இரண்டின் விகிதம் தான் முக்கியம் என்று பல பேர் சொல்கிறார்கள்.

பிற்பகல்கிளினிக்

யூடியூபில் சொல்கிறார்கள். எல்டிஎல் தானே இரத்தக் குழாயில் படிகிறது என்பதற்குப் பரம்பரையாகக் கொலஸ்ட்ரோல் கூடியவர்களை வைத்தும், மருந்துச் சோதனைகளை வைத்தும் நிறையச் சான்று இருக்கிறது. உமக்குச் சீனியும் இருக்கிறது, அதனால் 170 என்பது விட்டுப் பார்க்கும் எண் இல்லை. சோற்றைக் கூட்டச் சொல்லவில்லை. ஆட்டிறைச்சி, வெண்ணெய் இருக்கும் இடத்தில் மீன், கடலை, கச்சான் வைத்துவிட்டு மூன்று மாதத்தில் திரும்பப் பாரும். அதற்கு முன்னால் அந்த ரிப்போர்ட்டை உமது டொக்டரிடம் காட்டும்.

எலும்புசூப்

காட்டுகிறேன் அக்கா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக் கறி நிற்காது, இப்போதே சொல்லிவிட்டேன்.

வல்லாரைச்சம்பல்

ஞாயிற்றுக்கிழமையை யார் கேட்டது? எனக்குத் திங்களிலிருந்து சனி வரை தான் வழக்கு.