மூக்கனேரியா, ஏற்காடா? 24 பிள்ளைகளோடு ஒரு காலை நடை

பசுமைப்படை டீச்சர்:
வணக்கம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேர். ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை, மரமும் நீர்நிலையும் சேர்ந்த இடத்தில் நடக்கக் கூட்டிப்போக வேண்டும். பெற்றோர் ஏற்காடு ஏரி கேட்கிறார்கள், தலைமையாசிரியர் சேலத்திலேயே இருக்கும் மூக்கனேரி போதும் என்கிறார். எத்தனை மணிக்குப் போவது, என்ன எடுத்துப்போவது, எங்கே சொதப்பும்?

கரைமேல்:
தலைமையாசிரியர் சொல்வதுதான் சரி மேடம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. பாதிப் பிள்ளைகள் வாந்தியோடுதான் இறங்குவார்கள். மேலே போனாலும் சனிக்கிழமை படகு கிளம்பிவிட்டால் பறவை ஒதுங்கிவிடும். மூக்கனேரிக்கு அஸ்தம்பட்டி தாண்டிக் கன்னங்குறிச்சி வந்தால் போதும். சேர்வராயன் மலையில் பெய்கிற மழை இந்த ஏரிக்கு வருகிறது என்பதைக் கரையில் நின்று மலையைக் காட்டியே சொல்லிவிடலாம்.

உள்ளே தெரியும் மரத்திட்டுகளைக் கட்டாயம் விளக்குங்கள். 2010-ல் சேலம் மக்கள் குழு தூர்வாரியபோது, மண்ணை லாரியில் ஏற்றாமல் ஏரிக்குள்ளேயே குவித்து மரம் நட்டார்கள். ஏற்றுக்கூலி மிச்சம், சுற்றிலும் தண்ணீர் என்பதால் நாயும் ஆளும் எளிதில் போக முடியாது, பறவைக்குப் பாதுகாப்பு. இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. மண் எடுத்த இடம் திடீரெனப் பள்ளமாகும், மேலே நின்றால் தெரியாது. முழங்கால் தண்ணீர்தானே என்று ஒரு பிள்ளையையும் இறங்க விடாதீர்கள்.

6.30-க்குக் கரையில் இருங்கள். கிழக்குக் கரையில் மேற்குப் பார்த்து நின்றால் வெயில் முதுகுப்பக்கம் வரும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம், மடையான் இவற்றில் நாலைந்தாவது கிடைக்கும். தண்ணீர் தளும்பி நின்றால் உள்ளானை எதிர்பார்க்காதீர்கள். அதற்குச் சேறு வேண்டும், தண்ணீர் வற்றி ஓரம் வெளியே தெரிந்தால்தான் வரும்.

ஆறு பேருக்கு ஒரு பெரியவர் என்று நாலு குழு. ஏரியை முழுக்கச் சுற்றும் ஆசையை விடுங்கள். 300 மீட்டர் நடந்து, 10 நிமிடம் பேசாமல் உட்கார்ந்தால், ஒளிந்ததெல்லாம் தானே வெளியே வரும். பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெரிதாகக் காட்டுவது) இரண்டு போதும். 10x பிள்ளைகள் கையில் ஆடும். வெள்ளைச் சட்டை வேண்டாம், தூரத்திலேயே பறவை கண்டுகொள்ளும்.

ஊசித்தட்டான்:
அண்ணன் பறவையோடு முடித்துவிட்டார். தட்டானுக்கு வெயில் ஏற வேண்டும், அதனால் 9 மணிக்கு முன்னால் கரையைவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கோரைத் தண்டில் காய்ந்த பழுப்புத் தோல் ஒட்டியிருந்தால், தண்ணீருக்குள் வளர்ந்த தட்டான் ஏறிவந்து உரித்துப்போட்டது. அந்தத் தோலை எண்ணச் சொல்லுங்கள், பிள்ளைகள் நகரவே மாட்டார்கள்.

பொறுப்பில் இருப்பவர்களிடம் முன்பே கேட்டுக்கொண்டு, நீளக் குச்சியில் டீ வடிகட்டி கட்டி, கெட்டியான கரையில் நின்றபடி ஓரத்துச் செடிக்கடியில் மூன்று தடவை அள்ளுங்கள். வெள்ளைத் தட்டில் இரண்டு விரற்கடை ஏரித்தண்ணீர் ஊற்றி அதில் கொட்டுங்கள். வால்நுனியில் இலைபோல மூன்று செவுள் இருந்தால் ஊசித்தட்டான் குஞ்சு. குட்டையும் தடிமனுமாக, அந்தச் செவுள் இல்லாமல் இருந்தால் தட்டான் குஞ்சு. பெரியதைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் மற்றதைத் தின்றுவிடும். தட்டு நிழலில் இருக்கட்டும், 10 நிமிடத்தில் அள்ளிய இடத்திலேயே விடுங்கள். கொஞ்சத் தண்ணீர் சீக்கிரம் சூடாகி ஆக்சிஜன் குறைந்துவிடும். வடிகட்டியை அலசாமல் வேறு ஏரிக்குக் கொண்டுபோனால் ஆகாயத்தாமரைத் துணுக்கும் கூடவே போகும்.

பிஸ்கட், ரொட்டி போட விடாதீர்கள். ஊறி அழுகும்போது அதுவும் ஆக்சிஜனைத் தின்னும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அந்தத் தட்டுப்பாடுதான். இரவெல்லாம் செடியும் பாசியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் அந்த நேரத்தில்தான் அளவு மிகக் குறைவு.

பசுமைப்படை டீச்சர்:
நன்றிங்க. பெற்றோர் விடாப்பிடியாக மலைக்கே போகச் சொன்னால்?

மலைப்பாதை:
வாரநாளில் போங்க மேடம். காபித் தோட்டத்துக்குள் போகும் வழியெல்லாம் தனியார் நிலம், கேட்காமல் நுழையக் கூடாது. பனி விலகும்வரை நடக்காதீர்கள், காட்டெருமை பத்தடியில் நின்றாலும் தெரியாது. கண்டால் சத்தம் போடாமல், அது போக வழி விட்டுப் பின்வாங்குங்கள். செல்ஃபிக்கு ஓடுகிற பிள்ளையைப் பிடித்துவைக்க ஓர் ஆளைத் தனியாகப் போடுங்கள். உண்ணிச்செடிப் புதரை உரசினால் வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டி ஓரம் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் மண்ணெண்ணெய் தடவாமல், இடுக்கியால் தோலை ஒட்டித் தலையைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வளைவில் வாந்தி வராமலிருக்க, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இட்லி, அதுவும் இரண்டோடு நிறுத்துங்கள்.